எதிர்பாராச் செலவுக்கு முப்பது நாள் நோட்டீஸ்

ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கடன் நிவர்த்தி சிக்கன முன்யோசனைச் சங்கம் லிமிடெட் என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதன் தலைவர் ராவ்சாகிப் ஆவுடையப்பன். இன்னொருவன் அதன் பியூன் கருத்தையா. தலைவர் மேடையில் நின்று சொல்லுவார்; கருத்தையா கடன்பட்டவர்களின் வாசலில் நின்று சொல்லுவான். மற்ற எல்லோருக்கும் அது சொசைட்டி.

சொசைட்டி ஒரு பெரிய உண்மையின் மேல் கட்டப்பட்டது. ஏழைக்கு ஏன் கடன் தீருவதில்லை? சம்பாத்தியம் போதாததாலா? கிடையாது. அரிசி, பருப்பு, மாட்டுத் தீவனம் என்று மாதாமாதம் வரும் செலவை அவன் எப்படியோ சமாளித்துவிடுகிறான். எப்போதாவது வருகிற செலவுதான் அவனைக் குப்புறத் தள்ளுகிறது. எப்போதாவது வருவதை மாதாமாதம் வருவதாக மாற்றிவிட்டால் ஏழைக்குக் கஷ்டமே இல்லை. 1934-ம் வருஷக் கோடையில் கொடைக்கானலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது தலைவருக்கு இது தோன்றியது. மலையிலிருந்து இறங்கியதும் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்.

மறு வருஷம் வண்டிக்காரன் சூசைக்கு நூற்றெண்பது ரூபாய் கடன். ஒரு மாடு கோமாரியில் செத்து, ஜோடிக்கு இன்னொன்று பிடிக்க வட்டிக்கு வாங்கியது. சொசைட்டி அந்தக் கடனை வட்டிக்காரரிடம் அடைத்து, தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டது. வண்டியும் மயிலை, செவலை என்ற இரண்டு காளைகளும் சொசைட்டிக்கு ஈடு. மாதம் ஆறு ரூபாய் தவணை.

“ஆறு ரூபா கட்டிருவேன்யா,” என்றான் சூசை.

“ஆறு மட்டும் போதாது,” என்றார் ராஜபாளையம் கிளைக் காரியதரிசி குருசாமி. “எதிர்பாராச் செலவு நிதின்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துல எப்பவாச்சும் வாற செலவையெல்லாம் வரிசையாச் சொல்லு.”

சூசை விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். மாட்டுக்கு லாடம். சக்கரத்துக்குப் பட்டை. வண்டி லைசென்சு. கிறிஸ்துமஸுக்குத் துணி. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை. மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து. குருசாமி கூட்டினார், பதினெட்டு ரூபாய் வந்தது. பன்னிரண்டால் வகுத்தார், மாதம் ஒன்றரை ரூபாய்.

“சரி. காய்ச்சல் எந்த மாசம் வரும்?”

“எந்தக் காய்ச்சல்யா?”

“மாட்டுக்கு வரப்போற காய்ச்சல்.”

“அதை மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும்.”

“வேடிக்கை பேசாதே. கட்டம் காலியா இருந்தா ஸ்ரீவில்லிபுத்தூர் ஹெட்டாபீஸ்ல திருப்பி அனுப்பிருவாக.”

சூசை யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்று நிஜமாகவே யோசித்தான். “போன தடவை ஐப்பசியில வந்துச்சு. அடைமழைக்குப் பொறவு.”

“ஐப்பசி. தேதி பதினெட்டுன்னு போடுறேன். எந்த மாட்டுக்கு?”

“போன தடவை செவலைக்கு.”

“அப்ப இந்தத் தடவை மயிலைக்கு. மாறி மாறி வரட்டும்.” குருசாமி எழுதி மையொற்றினார். “ரெண்டு ரூபா. கையெழுத்துப் போடத் தெரியுமா?”

சூசைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். வண்டிப்பேட்டையில் கைநாட்டு வைக்காத நாலைந்து பேரில் அவனும் ஒருவன். அந்தப் பெருமையில் ‘சூ’வைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

அவன் கையெழுத்துப் போட்ட தாளில் முப்பத்தொரு விதிகள் இருந்தன. பதினொன்றாவது விதி, எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து பணம் வேண்டுவோர் அந்த எதிர்பாராச் செலவு ஏற்படுவதற்கு முப்பது நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது. பத்தொன்பதாவது விதி, அங்கத்தினர் வேறு எவ்விதமான சீட்டிலோ, உண்டியலிலோ, கூட்டுப் பணத்திலோ சேரக்கூடாது என்றது.

பத்தொன்பதாவது விதி வண்டிப்பேட்டையை நினைத்தே எழுதப்பட்டது. பேட்டையில் அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. பஞ்சுச் சிப்பம் ஏற்றும் ஒவ்வொரு நடைக்கும் அரையணா, மூத்த வண்டிக்காரர் மொக்கைச்சாமியிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இருசுக் காசு என்று பெயர். வண்டியின் இரண்டு சக்கரங்களையும் கோத்து நிற்கிற இரும்புத் தண்டுதான் இருசு. அது முறிந்தால் வண்டி வெறும் விறகு. யாருக்கு முறிந்தாலும் மொக்கைச்சாமி மடியை அவிழ்ப்பார். அன்று சாயங்காலமே வண்டி ஓடும். இதற்கு ரசீது கிடையாது, கூட்டம் கிடையாது, தலைவர் கிடையாது. ஆகவே இது ஒழுங்கீனம் என்று சொசைட்டி தீர்மானித்தது. பேட்டையில் நாற்பத்துமூன்று வண்டிக்காரர்களும் சொசைட்டியில் கடன்பட்டிருந்ததால் இருசுக் காசு நின்றது.

*

ஐப்பசி பதினெட்டாம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஹெட்டாபீஸிலிருந்து மேற்பார்வையாளர் தேவஇரக்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் படிவம். நேராக மயிலையிடம் போனார். மயிலை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

“இதுக்குக் காய்ச்சலா?”

“இல்லைங்கய்யா. மாதா புண்ணியத்துல நல்லா இருக்கு.”

தேவஇரக்கம் படிவத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. “ரெண்டு ரூபாய்க்குத் திட்டம் போட்டிருக்கீர். கமிட்டி அங்கீகாரம் செய்திருக்கு. இப்ப காய்ச்சல் இல்லைங்கிறீர். கமிட்டியை என்னன்னு நினைச்சீர்?”

“நாளைக்கு வந்தாலும் வரும்யா.”

“நாளைக்கு வந்தா அது வேற காய்ச்சல். அதுக்குத் தனியா நோட்டீஸ்.”

தவறான மதிப்பீடு கொடுத்து நிர்வாகத்தை அலைக்கழித்ததற்காக நாலணா அபராதம் எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். சூசையின் மனைவி ரோசம்மாள் ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நாலணா என்றால் என்ன என்று தெரியும்.

“மாடு சொகமா இருக்குன்னா அபராதம்?”

“ஆமா.”

“செலவழிக்காத அந்த ரெண்டு ரூவாயக் குடுத்தாகளா?”

“அது நிதியில பத்திரமா இருக்குமாம்.”

“அப்ப நம்மகிட்ட இருந்தா பத்திரமா இருக்காதாக்கும்! அடுத்த வருசம் எனக்கும் ஒரு காய்ச்சலை எழுதிக் குடுத்துட்டு வாரும். தேதி தெரிஞ்சா கஞ்சி காய்ச்சி வச்சுக்கிடுவேன்.”

சூசை சிரிக்கவில்லை. அவன் சொசைட்டியை நம்பினான். தவணை ஒரு நாள் தவறியதில்லை. லாடம், பட்டை எல்லாம் கைக்காசிலேயே பார்த்துக்கொண்டான். பதினெட்டு மாதத்தில் அவன் பெயரில் எதிர்பாராச் செலவு நிதியில் இருபத்தேழு ரூபாய் சேர்ந்தது. அவ்வளவு பணம் அவன் பெயரில் அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. சில நாள் பேட்டையில் மற்றவர்களிடம் அந்தத் தொகையைச் சும்மா சொல்லிப் பார்த்துக்கொள்ளுவான்.

*

1937, மாசி மாதம். மகாராஜபுரம் பக்கம் பருத்தி வெடித்துக் கிடந்தது. வண்டிக்காரனுக்கு வருஷத்தில் சம்பாத்தியம் என்று இருப்பது அந்த மூன்று மாதம்தான். மற்ற ஒன்பது மாதத்தையும் அந்த மூன்று மாதம்தான் சுமக்கவேண்டும். சூசை பாரம் ஏற்றி ராஜபாளையம் பருத்தி அரவை மில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, மூட்டைகள் உருண்டன. இருசு இரண்டாக முறிந்திருந்தது.

பின்னால் வந்த மொக்கைச்சாமி மூட்டைகளை நாலு வண்டிகளில் பங்கிட்டு ஏற்றினார். இருசையும் பார்த்தார். “பன்னிரண்டு ரூவா ஆகும்ல சூசை. சக்கரத்துக் குடமும் தெறிச்சுருக்கு.”

“கெடக்கட்டும்ணே. சொசைட்டியில என் காசு இருவத்தேழு கெடக்கு,” என்றான் சூசை.

மறுநாள் காலையில் குருசாமி முன்னால் போய் நின்றான். சொன்னான்.

“அப்படியா. நோட்டீஸ் எங்கே?” என்றார் குருசாமி.

“என்ன நோட்டீசு?”

“எதிர்பாராச் செலவுக்கு முப்பது நாளைக்கு முந்தியே நோட்டீஸ் குடுக்கணும்ல?”

“முறிஞ்சது நேத்துத்தான்யா.”

குருசாமி காலண்டரைப் புரட்டினார். “அப்ப நீ போன மாசமே வந்து சொல்லியிருக்கணும்.”

“போன மாசம் இருசு நல்லாத்தான இருந்துச்சு!”

“நல்லா இருக்கிறப்பவே வந்து சொல்றதுதாம்ல முன்யோசனை. உடைஞ்ச பொறவு வந்து சொல்றதுக்குச் சங்கம் எதுக்கு?” அவர் குரல் தணிந்தது. “ஹெட்டாபீஸ்ல தேவஇரக்கம் சாரைப் போய்ப் பாரு. விதிவிலக்கு இருந்தாலும் இருக்கும்.”

சூசை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தான். வண்டி இல்லாமல் அந்த ரோட்டில் அவன் போனது அதுவே முதல் தடவை. ஹெட்டாபீஸில் தேவஇரக்கம் பதினாலாம் நம்பர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு விசாரணை தொடங்கினார்.

“இருசு முறியும்னு உமக்கு முன்கூட்டியே தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தெரியாது என்றால் உமக்கு முன்யோசனை இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர். முன்யோசனை இல்லாத அங்கத்தினருக்கு ஐந்தாம் விதிப்படி நிதியுதவி கிடையாது.”

சூசை அவசரமாக மாற்றிச் சொன்னான். “தெரியும்ங்கய்யா. பழைய இருசு. என்னைக்கோ ஒரு நாள் போகும்னு தெரியும்.”

“தெரியும் என்றால் அது எதிர்பார்த்த செலவு. எதிர்பார்த்த செலவுக்கு எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எப்படிக் கொடுக்கிறது?”

சுவரில் தலைவரின் படம் மாட்டியிருந்தது. சூசை அதைப் பார்த்துக் கேட்டான். “அய்யா, தெரிஞ்சும் தெரியாமலும் இருந்தா?”

தேவஇரக்கம் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. “அப்படி இருந்தால் கமிட்டிக்கு வைக்கலாம்,” என்றார் மரியாதையோடு.

கமிட்டி மாதம் ஒரு முறை கூடும். இந்த மாதக் கூட்டம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. சூசை இருபத்தொன்பது நாள் காத்திருந்தான். பேட்டையில் வண்டிகள் மகாராஜபுரத்துக்குப் போவதையும் வருவதையும் எண்ணினான். காளைகள் இரண்டும் கட்டுத்தறியில் நின்று தின்றன. வேலை செய்கிற மாடும் நிற்கிற மாடும் தின்பது ஒரே வைக்கோல்தான்.

மூன்றாம் வாரம் மொக்கைச்சாமி ஒரு காரியம் செய்தார். சொசைட்டிக்குத் தெரியாமல் பேட்டையில் ஆளுக்கு நாலணா என்று பிரித்தார். எட்டு ரூபாய் சேர்ந்தது. அது எப்படித்தான் தெரிந்ததோ, கருத்தையா பேட்டைக்கு வந்து சங்கத்தின் முழுப்பெயரையும் சொல்லி, பத்தொன்பதாவது விதியைப் படித்தான். “இதுல சேர்ந்த அம்புட்டுப் பேரும் கடனை ஒரே தடவையாக் கட்டணும்னு காரியதரிசி சொல்லச் சொன்னாரு.”

கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் நாலணாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மொக்கைச்சாமி சூசையின் முகத்தைப் பார்க்காமல் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். வைக்கோலைப் பற்றி விதி எதுவும் இல்லை.

கமிட்டி கூடியது. வடையும் காப்பியும் ஆனபின் சூசையின் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒன்றரை மணி நேரம் விவாதம். முடிவில், மனுதாரரின் நிலையை மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலித்து, எப்போதாவது வரும் செலவை மாதாந்தரச் செலவாக மாற்றுவதே இச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கையாதலால், பன்னிரண்டு ரூபாய் இருசுச் செலவை மாதம் ஒரு ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்தில் வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

குருசாமி ஒரு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாயை எப்படி எண்ணுவது என்று கேட்கக்கூடாது. அவர் எண்ணித்தான் கொடுத்தார். சூசை அதை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

“இதென்ன?” என்றாள் ரோசம்மாள்.

“இருசுல பன்னிரண்டுல ஒரு பங்கு.”

அவள் ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இந்தப் பங்குல ஏறி எம்புட்டுத் தூரம் போகலாம்னு அவியகிட்டக் கேட்டீரா? பேட்டை வாசல் வரைக்கும் போகுமா?”

“கத்தாத.”

“நான் கத்தல. நீரு கத்தணும். இருவத்தேழு ரூவா யார் காசு? அவியளா பருத்தி சொமந்தாக? உம்ம காசை உமக்குக் குடுக்க உம்மகிட்ட நாள் கேக்குதாக. நீரு ஐயா ஐயான்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கீரு!”

அந்த ஒரு ரூபாய் அன்றைக்கே மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று.

*

பங்குனித் தவணை தவறியது. சூசை யோசித்து, நிதியில் இருக்கிற மீதி இருபத்தாறு ரூபாயிலிருந்து தவணையை எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தான். தவணை என்பது மாதாமாதம் எதிர்பார்க்கப்படுகிற செலவு. எதிர்பாராச் செலவு நிதியை அதில் தொட முடியாது என்று பதில் வந்தது. சித்திரைத் தவணையும் தவறியது. ஏல நோட்டீஸ் வந்தது. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லை, ஏழு நாள்தான்.

சூசை தலைவரின் பங்களாவுக்குப் போனான். ராவ்சாகிப் ஆவுடையப்பன் சாய்வு நாற்காலியில் இருந்தார். கடினமானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஏழைகளிடம் பேச அவருக்கு எப்போதும் நேரம் உண்டு.

“அழாதே. நானும் உன்னைப் போல எதிர்பாராச் செலவு பட்டவன்தான்,” என்றார். “போன மாசம் என் கார் டயர் வெடிச்சது. நாப்பது ரூபாய். பதறினேனா? ஏலம் போறேன்னு அழுதேனா? சங்க வேலையாப் போகும்போது வெடிச்சதுன்னு எழுதிச் சங்கக் கணக்கிலேயே வாங்கிக்கிட்டேன். ஏன்? எனக்கு முன்யோசனை இருக்கு. உங்களுக்கு இல்லை. இந்த வித்தியாசத்தைப் போக்கத்தான் ராப்பகலா உழைக்கிறேன்.”

சூசை கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் கேட்டான். “முப்பது நாள் முந்தியே நோட்டீசு குடுத்தீகளாய்யா?”

தலைவர் குலுங்கிச் சிரித்தார். “பைத்தியக்காரா! அங்கத்தினர் செலவு வேற, நிர்வாகச் செலவு வேற. நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கேட்டா நிர்வாகம் எப்படி நடக்கும்?”

“என் காசுல பன்னிரண்டு ரூவா குடுத்தீகன்னா வண்டி ஓடும்யா. ரெண்டு மாசத்துல எல்லாத் தவணையும் கட்டிருவேன். காளையப் பிடிச்சுக்கிட்டா நான் என்னத்த வச்சுச் சம்பாதிக்க?”

“கொடுத்திருவேன். பன்னிரண்டு ரூபாய் எனக்குப் பெரிசா? என் கையிலிருந்தேகூடக் கொடுத்திருவேன். ஆனா அப்படிக் கொடுத்தா நீ சிக்கனம் கத்துக்க மாட்டியே! ஒரு மனுஷனோட குணத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.”

உள்ளேயிருந்து மோர் வந்தது. தலைவர் குடித்தார்.

*

ஏலம் பேட்டையிலேயே நடந்தது. வண்டியும் இரண்டு காளைகளும் சேர்ந்து நூற்றைம்பதுக்குக் குறையாது. ஆனால் பேட்டைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வண்டிக்காரன் மாடு ஏலத்துக்கு வந்தால் இன்னொரு வண்டிக்காரன் வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் அவனோடு யாரும் அன்னம் தண்ணீர் புழங்க மாட்டார்கள். சூசைக்குத் துணையாக நிற்பதாக நினைத்து நாற்பத்திரண்டு பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்கள். கேட்டவன் ஒருவன்தான்: காரியதரிசி குருசாமியின் மச்சான் சோலைராஜ். தொண்ணூறு ரூபாய். போட்டிக்கு ஆள் இல்லாததால் மணி அடித்து முடித்துவிட்டார்கள்.

கயிற்றை அவிழ்த்தபோது செவலை நகரவில்லை. சோலைராஜ் சாட்டையால் ஒன்று வைத்தான். சூசை ஓர் அடி முன்னால் வந்தான். ரோசம்மாள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். மறு வாரமே புது இருசு போட்ட வண்டி மகாராஜபுரம் ரோட்டில் ஓடியது. இருசு வாங்கச் சோலைராஜுக்குச் சொசைட்டி கைமாற்றாகப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்திருந்தது. தொழில் அபிவிருத்திக் கணக்கில்.

சூசை அரவை மில்லில் சிப்பம் தூக்கப் போனான். நாள் கூலி ஐந்தணா, வேலை இருந்தால்.

*

ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சொசைட்டியின் வருடாந்தரக் கூட்டம். காகிதத் தோரணம், ரோஜா மாலை, போட்டோக்காரர். மேலதிகாரிகள் மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பேட்டைக்காரர்கள் அனைவரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. சூசையை மேடையில் ஏற்றி, தலைவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் பாதி நாற்காலியில் உட்கார்ந்தான்.

தலைவர் எழுந்தார்.

“மகா ஜனங்களே! கடன் நிவர்த்தி என்பது கனவு என்றார்கள் சிலர். இதோ, இந்தச் சங்கத்தின் முதல் கடனற்ற மனிதர்! இவர் கணக்கை வாசிக்கிறேன். ஏலத்துக்கு முன் இவர் பாக்கி வட்டியும் அபராதமும் சேர்த்துத் தொண்ணூற்றாறு ரூபாய். ஏலத்தில் வரவு தொண்ணூறு. மீதி ஆறு ரூபாய்க்கு இவர் எங்கே போவார் என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் எதிர்பாராச் செலவு நிதி கை கொடுத்தது! இவர் பெயரில் இருபத்தாறு ரூபாய் இருந்தது. ஏலம் என்பது எதிர்பாராத செலவல்லவா? தண்டோராவுக்கு ஒரு ரூபாய், நோட்டீஸ் அச்சுக்கு ஐந்து, ஏல அதிகாரி படி நாலு, மாடுகளுக்குத் தீவனம் இரண்டு, ஏலத்தைப் பார்வையிட நான் வந்த காருக்குப் பெட்ரோல் மூன்று, சோடா கலர் ஒன்று. ஆகப் பதினாறு. ஒரே நாளில், ஒரு மனுகூட இல்லாமல், கமிட்டிகூட இல்லாமல், அத்தனையும் வழங்கினோம். நிர்வாகத் திறமை இதுதான்! மீதி பத்தில் ஆறு ரூபாய் கடனுக்கு. மிச்சம் நாலு ரூபாயும் வீண் போகவில்லை. இந்த நற்சாட்சிப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் இன்றைய போட்டோவும் அதில்தான்.”

கைதட்டல். மதுரை அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

“இன்னும் கேளுங்கள். இவரை வாட்டிய எதிர்பாராச் செலவுகள் என்னென்ன? லாடம், பட்டை, இருசு, மாட்டுக்கு மருந்து. இன்று அதில் ஏதாவது உண்டா? வண்டி இல்லை; ஆகவே இருசு முறியாது. மாடு இல்லை, ஆகவே காய்ச்சல் வராது. எதிர்பாராச் செலவையே வேரோடு ஒழித்துவிட்டோம்!”

கூட்டத்தின் நடுவிலிருந்து மொக்கைச்சாமி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். “அய்யா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்கள் பெரியவரே. தயங்காமல் கேளுங்கள்.”

“அடுத்தது யாரு?”

தலைவர் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா ஆர்வத்தை! யார் வேண்டுமானாலும் வரலாம். அடுத்துக் கடன் நிவர்த்தி அடைய விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள்!”

நாற்பத்திரண்டு பேரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, ஏன் ஒருவரும் அசையவில்லை என்று பார்த்தார்.

தேவஇரக்கம் ஒரு தாளைச் சூசை முன்னால் நீட்டினார். “கையெழுத்துப் போடும். பத்திரம் வாங்கிக்கொண்டதற்கு.”

சூசை வாங்கினான். மூன்றாம் வகுப்புவரை படித்தவன். இதுவரை சொசைட்டி நீட்டிய எந்தத் தாளையும் அவன் படித்ததில்லை. பெரிய மனுஷர்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். இன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படித்தான். மேடை முழுவதும் காத்திருந்தது.

“எனக்கு... இச்சங்கத்திடமிருந்து... சேரவேண்டியது... யாவும்... சேர்ந்துவிட்டது.” அவன் தலை நிமிர்ந்தான். “எது சேர்ந்துச்சு?”

“சும்மா ஒரு வழக்கம். போடும்,” என்றார் தேவஇரக்கம் அடிக்குரலில். “இது இல்லாட்டா கணக்கை முடிக்க முடியாது. மேலதிகாரிகள் இருக்காங்க.”

“எனக்கு எது சேர்ந்துச்சுன்னு கேக்கேன்.”

“சூசை! மரியாதையாப் போடுல,” என்றார் கீழேயிருந்து குருசாமி.

சூசை நாற்காலியை விட்டு எழுந்தான். அவன் கை கட்டியிருக்கவில்லை. “இருவத்தேழு ரூவா நான் குடுத்தேன். இருசுக்குக் கேட்டேன், இல்லைன்னீக. தவணைக்குக் கேட்டேன், இல்லைன்னீக. எங்காளையப் பிடிச்சு விக்கிறதுக்கு அதே காசை எடுத்தீக. நீரு கார்ல வந்து பாத்ததுக்கு நான் பெட்ரோலு போட்டிருக்கேன். நீரு குடிச்ச சோடாவும் நான் வாங்கிக் குடுத்தது. இதுல கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டணுமோ? நான் பருத்தி சொமந்தவன்யா. களவாண்டவன் இல்ல. களவு குடுத்தவன்.”

“உட்காரு!” என்றார் தலைவர். “நன்றி கெட்ட...”

“போட மாட்டேன்.”

மதுரை அதிகாரிகளில் ஒருவர் மெல்ல விசாரித்தார்: கையெழுத்து இல்லையென்றால் இந்தக் கணக்கு நிலுவையா, நிவர்த்தியா? தேவஇரக்கம் விதிகளைப் புரட்டினார். நிலுவையும் இல்லை, நிவர்த்தியும் இல்லை. கடனை ஒழித்த முதல் சங்கம் என்று அறிக்கை போகவேண்டிய இடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் உள்ள அறிக்கையை மேலே அனுப்ப முடியாது.

சூசை மேடையிலிருந்து இறங்கினான். பேட்டைக்காரர்கள் நாற்பத்திரண்டு பேரும் எழுந்து அவனுக்குப் பின்னால் வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பியூன் கருத்தையா அந்தத் தாளையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு சூசையின் வீட்டுக்கு வருகிறான். முதலில் மிரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஐந்து ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், பிறகு பத்து. போன மாதம் இருபத்தேழையும் முழுசாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். முப்பது நாள் நோட்டீஸ் வேண்டாம், மனு வேண்டாம், கையெழுத்து ஒன்று போதும் என்கிறார்கள்.

சூசை மில் சிப்பத்தின் பஞ்சு தலையில் ஒட்டியிருக்க வாசலுக்கு வருவான். கருத்தையா சங்கத்தின் முழுப்பெயரையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பான். பிறகு மாதாமாதம் சொல்லுகிற அதே பதிலைச் சொல்லுவான்.

“காளை ரெண்டையும் கொண்டாந்து இந்தத் தறியில கட்டச் சொல்லு. பொறவு போடுறேன்.”

கதவைச் சாத்துவது ரோசம்மாள்.